சிறைப்பட்ட படை அதிகாரியின் ஊதியம்

பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம் கருநாடகப் போர்களின் களங்களுள் ஒன்று. 1752ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் கிளைவிடம் சரணடைந்தது இங்கேதான். அக்காலத்தில் பிடிபட்ட அதிகாரிகள், குறித்த காலம்வரை போரிடுவதில்லை என்று வாக்களித்து விடுதலை பெறுவதுண்டு. ஆண்டுக்கணக்கில் முள்வேலிக்குள் அடைத்துவைக்கும் போர்கள் பின்னர் வந்தன. அவ்வாறு அடைபட்டவருக்குச் சம்பளம் உண்டா? உண்டெனில் அளிக்க வேண்டியவர் யார்?

சிறைபிடித்த நாடே, தன் படையில் அதே தரத்திலுள்ள அதிகாரிக்குரிய ஊதியத்தை அளிக்கவேண்டும். கைதியின் அரசு அதனைப் பின்னர் ஈடுசெய்யும் என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் வகுத்தன. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் ஏறத்தாழ இவ்வழியே சென்றது. ஏட்டளவில் நேரிய ஏற்பாடுதான். ஆயின், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கொடுத்ததோ முகாமுக்கு வெளியே செல்லாத காகிதப்பணம். உள்ளேயும் அதனைக்கொண்டு வாங்கத்தக்கவை மிகச் சிலவே. அந்தத் தாளையும் மெய்ப்பணமாகவே மதித்து, பவுனுக்கு 15 மார்க் என்று கணக்கிட்டு, தாயகத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது அவர்தம் அரசு. பகைவன் இழைத்த துன்பத்தினும் இக்கணக்கே அவர்களுள் பலருக்கு நெடுங்காலம் ஆறாத புண்ணாயிற்று.

நம் நாட்டு நிகழ்ச்சியொன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, பின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் தில்லிச் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டனர். 1946 ஜனவரியில் படைத்தலைவர் ஆக்கின்லெக் அவர்களின் ஆயுள் தண்டனையை நீக்கினார், இதனை நாடறியும். பதவிநீக்கத்தையும், நிலுவைச் சம்பளமும் படிகளும் பறிக்கப்பட்டதையும் அவர் உறுதிசெய்தார் என்பதை அறிந்தோர் சிலரே. சிறைக்கால ஊதியம் அரசின் கையில் தண்டனைக் கருவியாகவும் ஆகலாம்!

1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, சிறைபிடித்த நாடு தரவேண்டியதை மாத முன்பணமாக வரையறுத்தது: சிப்பாய்க்கு 8 சுவிஸ் பிராங்க், மேஜருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு 50, மேஜர் முதல் கர்னல் வரை 60, தளபதிகளுக்கு 75. பசி எல்லார்க்கும் ஒன்றாயிருக்க, இத்துணை ஏற்றத்தாழ்வு ஏனோ! முன்பணம் கைதியின் சொந்த அரசின் சார்பில் தரப்பட்டதாகவே கருதப்படும். ஒவ்வொருவர்க்கும் தனிக்கணக்கு வைத்தல் வேண்டும். விடுதலையின்போது மீதமுள்ள தொகையைக் காட்டும் சான்று அவர் கையில் தரப்படும். அதனைத் தீர்த்துக்கொடுக்கும் பொறுப்பு அவருடைய சொந்த நாட்டையே சாரும்.