குடியானவர் வீட்டு இராப் போஜனம்

மானாவாரி நிலத்தில் பாடுபடும் குடியானவர் குடும்பங்கள் பலவற்றில், வீட்டார் யாவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் வேளை இராப் பொழுது ஒன்றே. காலையில் பழையதோ கூழோ அருந்திவிட்டு அவரவர் வேலைக்குச் சென்றுவிடுவர். மத்தியான ஆகாரம் பெரியோருக்கு வரப்பிலும் சிறுவருக்குப் பள்ளிக்கூடத்திலும் முடிந்துவிடும். அடுப்பு மூட்டி நிதானமாகச் சமைப்பது பொழுது சாய்ந்த பின்னரே. ஆதலின் பகலெல்லாம் உழைத்துத் தேய்ந்த உடலுக்கு ஈடு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் இவ்வொரு வேளைப் போஜனத்தின்மீதே விழுகின்றது.

முன்னாட்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களில் கேழ்வரகுக் களியும், கொங்கு நாட்டில் கம்பஞ்சோறும், சவ்வாது மலை, கொல்லி மலை ஆகிய இடங்களில் சாமைச் சோறும் அன்றாட ஆகாரமாய் விளங்கின. பாசனம் பெருகி நெல் விளைச்சல் விரிந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் நியாய விலைக் கடைகளில் விலையின்றி அரிசியும் வழங்கப்பட்டது. இதனால் ஏழை வீடுகளில் பசி தணிந்ததென்பதை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், மூன்று வேளையும் வெள்ளரிசிச் சோறும் நீர்த்த ரசமும் மட்டுமே உண்பதாயின், வயிறு நிறையுமேயன்றித் தேகத்திற்கு வேண்டிய சத்துக்கள் நிறையா.

இக்குறைவு எவ்வளவு பெரிதென்பதைத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகின்றது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும் இரத்த சோகை உடையவர்கள். சோகைக்குக் காரணங்கள் பல உண்டு. ஆகாரத்தில் இரும்புச் சத்துக் குறைவு அவற்றுள் முக்கியமானது. களை எடுத்து, நாற்று நட்டு, வீடு திரும்பிச் சமைத்தும் போடுகின்ற பெண்ணே இக்குறைவால் மிகுதியும் வாடுகிறாள்.

நிலம் கற்பிக்கும் பாடம்

இதற்குப் பரிகாரம் தொலைவில் இல்லை. தருமபுரி, ஒசூர்ப் பகுதிகளில் கேழ்வரகு விதைக்கும் குடியானவர் அதனூடே அவரையும் கடுகும் வரிசையாக இடுவர். பிற இடங்களில் சோளத்துடனும் கம்புடனும் தட்டைப்பயறும் துவரையும் விதைப்பதுண்டு. வரப்பிலும் கிணற்று மேட்டிலும் கீரை தானே முளைக்கும். வேலியோரம் முருங்கை நிற்கும். நிலத்தில் ஒன்றாக விளைந்த இம்மூன்றும் இராவேளையில் உண்கலத்திலும் ஒன்றாகச் சேர வேண்டும். தானியம் ஒன்று, பயறு ஒன்று, கீரை ஒன்று என்பதே நினைவிற் கொள்ள வேண்டிய விதி.

இவ்விதிக்குக் காரணமும் உண்டு. தானியங்களிலுள்ள புரதத்தில் லைசின் என்னும் அங்கம் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைவாயுள்ள மெதியோனின் தானியங்களில் போதுமான அளவு உள்ளது. இரண்டும் சேரும்பொழுது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பி நல்ல புரதமாகின்றது. கீரையினால் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் ஜீவசத்துக்களும் கிடைக்கும்.

உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்தறியும் வேலைக்குப் பழைய சென்னை மாகாணத்துக் குன்னூரே ஒரு காலத்தில் தலைமை இடமாயிருந்தது. அங்கிருந்த ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துக்களைத் தொகுத்து 1937-இல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட அச்சாலை இப்பொழுது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகின்றது. அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியிலோ அது 10 மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. தானியத்திலுள்ள சத்து முழுவதையும் உடல் கிரகிப்பதில்லை என்பது மெய்யே. எனினும் இவ்வேற்றுமை புறக்கணிக்கத்தக்கதன்று.

ஐவர் உள்ள குடும்பத்திற்கு ஏற்ற நான்கு இராப் போஜனங்கள் கீழே தரப்படுகின்றன.

1. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்

கேழ்வரகு மாவு 500 கிராம் எடுத்துக்கொள்க. மாவு ஒரு பங்குக்கு நீர் இரண்டரைப் பங்கு அளந்து, உப்பிட்டுக் கொதிக்கவைத்து, மாவில் எட்டில் ஒரு பங்கு அரிசி நொய்யை முதலில் அதில் வேகவிட வேண்டும். நொய் குழைந்ததும் மாவை நடுவே குவியலாகக் கொட்டி, துடுப்பின் காம்பினால் நடுவில் ஒரு துளையிட்டு மூடிவிடுக. அனலைத் தணித்துப் பத்து நிமிஷம் வைத்தபின், பானை அசையாதவாறு பிடித்துக்கொண்டு கட்டி விழாமல் அழுந்தக் கிண்ட வேண்டும். நீர் தொட்ட விரலில் ஒட்டாதிருப்பின் களி பக்குவமாயிற்று. கையை நனைத்துச் சூட்டோடு உருண்டைகளாக்குக.

துவரம் பருப்பு 100 கிராமைச் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், இரண்டு தக்காளியுடன் வேகவைத்து, ஆய்ந்து கழுவிய அரைக்கீரையையோ முருங்கைக் கீரையையோ அதில் இட்டு ஐந்து நிமிஷம் வேகவிட்டு, மத்தினால் கடைந்து, கடுகும் சீரகமும் தாளிக்க. கீரையை நறுக்கிய பின் கழுவுவதும், வெந்த நீரை வடித்துக் கொட்டுவதும் சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும்.

2. கம்பஞ்சோறும் கொள்ளுக் கடைசலும்

கம்பு 500 கிராமைப் புடைத்து, நீர் தெளித்துப் பிசறிச் சிறிது நேரம் ஊறவிட்டு, உரலில் இடித்துத் தவிடு போக்கி, ரவையாக உடைத்துக்கொள்க. உரலில்லாத வீட்டார் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினாலும் போதும். ஒரு பங்கு ரவைக்கு நான்கு பங்கு கொதிநீர் வைத்து, அனல் தணித்துக் கிளறியவண்ணம் வேகவிடுக. கம்பில் எண்ணெய்ப் பசை மிகுதியாதலால் அதன் மாவு விரைவில் கசந்து சிக்கடிக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்து வைப்பது நலம்.

கொள்ளு 150 கிராமை முன்னாளிரவே ஊறவைத்துக் கழுவிக் குழைய வேகவிடுக. வெந்த நீரைத் தனியே இறுத்து, புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசமாக்கலாம். வெந்த கொள்ளுடன், வதக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து எடுத்தால் கடைசல் ஆயிற்று. தண்டுக்கீரைப் பொரியல் உடன் இருப்பின் மூன்றும் நிறைவாகும். மிஞ்சிய கம்பஞ்சோற்றை உருட்டி நீரிலிட்டு வைத்தால், காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் கூழாக அருந்தலாம்.

3. சாமைச் சோறும் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பும்

மிகவும் தீட்டாத சாமையரிசி 500 கிராமைக் களைந்து, அரை மணி ஊறவைத்து, இரண்டரைப் பங்கு நீரில் வேகவிட்டால் உதிரியான சோறாகும். தட்டைப்பயறு 150 கிராமை வாசம் வரும்வரை வறுத்து வேகவைத்து, கத்தரிக்காய் கால் கிலோ, சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சிறிது புளிக்கரைசல் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அரைத்த தேங்காயைக் கடைசியில் கலந்து இறக்குக. முருங்கைக் கீரை வதக்கல் இதற்கு ஏற்ற துணை.

4. அரிசியும் பருப்பும் கீரையும் ஒரே பானையில்

வேலை மிகுந்த நாளில் மூன்று பாத்திரம் வைக்க நேரமிராது. அப்பொழுது புழுங்கலரிசி இரண்டு பங்கு, துவரம் பருப்பு ஒரு பங்கு எடுத்துக் களைந்துகொள்க. எண்ணெயில் சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள் தூளும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையும் இட்டு, மும்மடங்கு நீர்விட்டுக் கொதித்ததும் அரிசி பருப்பைக் கொட்டி வேகவிடுக. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள தயாமின் என்னும் ஜீவசத்து அரிசிக்குள் இறங்குவதால், பச்சரிசியினும் புழுங்கலரிசி சிலாக்கியமானது. கஞ்சி வடிக்காத இச்சமையலில் அச்சத்து வீணாவதுமில்லை.

கவனிக்க வேண்டுவன

தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, நெல்லி, தக்காளி போன்ற புளிப்புப் பண்டங்களை உடன் உண்டால் அது நன்கு சேரும். பயற்றை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இதற்குத் துணையாகும். உணவோடும் உணவு முடிந்தவுடனும் தேயிலை நீரோ காப்பியோ அருந்துவது அச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துக. புலால் உண்போர் முட்டையும் நெத்திலிக் கருவாடும் இயன்றபோது சேர்த்துக்கொள்ளலாம். சோகை மிகுந்தோர்க்கு ஆகாரம் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து பெறுதல் அவசியம்.

இனி, ஆண்களும் பிள்ளைகளும் உண்டு எழுந்தபின், சட்டியில் ஒட்டியதை வழித்து உண்பது பல வீடுகளில் பெண்களின் வழக்கமாயிருக்கின்றது. களி மிஞ்சும், கடைசலும் கீரையும் மிஞ்சுவதில்லை. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்தும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் நிர்ணயித்துள்ளது. அதிகம் வேண்டுபவர்க்கே குறைவாகக் கிடைப்பது முறையன்று. பரிமாறத் தொடங்கும்பொழுதே சமைத்தவளின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தலோ, யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுதலோ எளிய காரியம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வீட்டுத் தலைவரின் மனம் வேண்டும்.

களஞ்சியத்தில் ஒரு மூட்டை

அறுவடையானதும் விளைந்த சிறுதானியம் முழுவதையும் விற்றுவிட்டு, பின்னர்க் கடையில் அதையே கூடுதல் விலைக்கு வாங்குவோர் உளர். ஐவருள்ள வீட்டில் தலைக்கு 100 கிராம் வீதம், வாரத்தில் நான்கு இரவு களி கிண்டினால், ஆண்டொன்றுக்கு 104 கிலோ கேழ்வரகு செல்லும். ஏறக்குறைய நூறு கிலோ மூட்டை ஒன்றே இதற்குப் போதும். அம்மூட்டையை நன்கு காயவைத்து ஒதுக்கிய பின் மிகுந்ததை விற்பதே விவேகம். நிலமில்லாதோர்க்கும் வழி உண்டு: நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாய விலைக் கடைகள் மூலம் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு 2023-இல் தொடங்கப்பட்டது.

அடுத்த பட்டத்தில் விதைக்கும்பொழுது, நாலு வரிசை அவரையும், கிணற்று மேட்டில் ஒரு பாத்திக் கீரையும், வேலியில் ஒரு முருங்கைப் போத்தும் சேர்த்து வைத்தால், மூன்றாம் மாதத்தில் அவ்வீட்டின் இராப் போஜனம் தானே மாறிவிடும்.