மலையை விட்டு இறங்கும் மண்

பண்ணைப்புரத்தை வெளியூர்க்காரர்கள் இளையராஜாவின் ஊராகவே அறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது மலையடிவாரத்து ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை செம்மண் காடுகளைக் கடந்து ஓடைகளில் இறங்கி, கண்மாய்களில் கொஞ்சம் தங்கி, மிச்சம் கிழக்கே முல்லையாற்றுக்குப் போகிறது. முல்லையாறு தேனிப் பக்கம் வைகையில் சேர, அதை ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை தேக்குகிறது. தண்ணீர் போகிற வழியெல்லாம் மண்ணும் கூடவே போகிறது.

அந்த மண்ணை முன்பு யாரும் கருவி வைத்து அளந்ததில்லை. அளக்காமலும் இருந்ததில்லை. வரப்போரத்துப் பனையின் வேர் எத்தனை விரற்கடை வெளியே தெரிகிறது என்பது காட்டுக்காரருக்குத் தெரியும். கண்மாய் மடையில் போன கோடையில் தெரிந்த படிக்கல் இந்தக் கோடையில் புதைந்துவிட்டதா என்பது மடை திறப்பவருக்குத் தெரியும். கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை வெட்டுவார்கள். வெட்டிய குழியின் பக்கவாட்டில் மண் அடுக்கடுக்காகத் தெரியும்: விரல் கனத்துக்குப் பருமணல், அதன்மேல் வழவழப்பான கரிய வண்டல், மறுபடியும் மணல். வெள்ளம் வேகமாக வந்தபோது விட்டது மணல். தண்ணீர் அசையாமல் நின்றபோது படிந்தது வண்டல். எந்த மழை எவ்வளவு கொண்டுவந்தது என்பதற்கு அதுவே பதிவேடு. அந்தக் கரம்பை மாட்டு வண்டியில் ஏறிக் காட்டுக்கே திரும்பிப் போகும். போன மண்ணை அளப்பதும் அதைத் திரும்பக் கொண்டுவருவதும் அன்று ஒரே வேலை.

வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது அதன் கொள்ளளவு 6,879 மில்லியன் கன அடி. நாள்தோறும் வெளியாகும் நீர்மட்ட அறிக்கையில் முழுக் கொள்ளளவு இப்போது 6,091 என்று இருக்கிறது. உச்ச நீர்மட்டம் அன்றும் இன்றும் அதே 71 அடிதான், அடித்தரைதான் மேலேறியிருக்கிறது. குறைந்த 788 மில்லியன் கன அடி என்பது, வினாடிக்கு 900 கன அடி வீதம் கால்வாயில் திறந்தால் பத்து நாளுக்கு வரும் தண்ணீர். அதே அளவு மண்ணை மூன்று யூனிட் லாரியில் அள்ளினால் 26 லட்சம் நடை.

அணைகளில் இந்தக் கணக்கை எடுத்த பழைய முறை பொறுமையைக் கேட்டது. இரு கரையிலும் எதிரெதிரே கல் நட்டு, அவற்றை இணைக்கும் கற்பனைக் கோட்டின் வழியே படகை நகர்த்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் குறிப்பார்கள். ஒரு கோடு முடிந்தால் அடுத்த கோடு. பிறகு கட்டத்தாளில் குறுக்குவெட்டு வரைந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது ஊகம்தான்.

இன்று படகில் எதிரொலிக் கருவியும் ஜிபிஎஸ்ஸும் இருக்கின்றன. ஒலி நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது. அது தரையில் பட்டுத் திரும்பும் நேரமே ஆழத்தைச் சொல்லிவிடும். கயிறு ஒரு முறை இறங்கி ஏறும் நேரத்தில் நூற்றுக்கணக்கான அளவுகள் பதிவாகின்றன. படகே இல்லாமலும் அளக்கலாம். நீர்மட்டம் இறங்க இறங்க, செயற்கைக்கோள் படங்களில் நீர்ப்பரப்பு சுருங்குவதைக் கணக்கிட்டுக் கொள்ளளவைப் பெறுகிறார்கள். ஆனால் அந்தப் பருவத்தின் கடைசி நீர்மட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது வானத்துக்குத் தெரியாது. அதற்கு மறுபடியும் படகுதான். தமிழக அணைகளின் வண்டல் ஆய்வு பூண்டியிலுள்ள நீரியல் ஆய்வு நிறுவனத்தின் பணிகளில் ஒன்று.

2017இல் வைகை அணையில் நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதை நாடே பேசிச் சிரித்தது. மேலே போகும் நீருக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட அடியில் ஏறும் மண்ணுக்குக் கிடைத்ததில்லை.

அணையின் கணக்கு துல்லியமாகிவிட்டது, சரி. அணைக்கு வந்து சேராத மண்? இந்தியாவில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் மண் அரிக்கப்படுகிறது என்று 1983இல் துருவ நாராயணாவும் ராம்பாபுவும் மதிப்பிட்டார்கள். அதில் பத்தில் ஒரு பங்குதான் அணைகளில் தங்குகிறது, பாதிக்கு மேல் வழியிலேயே வேறிடத்தில் படிந்துவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. பண்ணைப்புரத்துச் சரிவில் கரைந்தது ஓடைவளைவிலும் கண்மாயிலும் கிடக்கலாம். அணையின் அறிக்கையில் அது வராது. பனை வேரைப் பார்த்தவருக்கு அது தெரிந்திருந்தது.

ஊரும் மாறிவிட்டது. 18ஆம் கால்வாய் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. மானாவாரி நிலம் பலவற்றில் இன்று தென்னையும் சொட்டுநீர்க் குழாயும். இதை இழப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உரமூட்டை வந்ததும் கரம்பையின் தேவை குறைந்தது. உழவுமாடு போனதும் வண்டியும் போனது. மலைப் பக்கம் மேகமலை சரணாலயமாகி, 2021இல் திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. வைகை பிறக்கும் பக்கத்து மலைக்காட்டுக்கு அது காவல். மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட உழவுநிலத்துக்கு அந்தக் காவல் இல்லை.

2024இல் கண்மாய் வண்டலை விலையின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று நடைமுறை எளிதாக்கப்பட்டது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புன்செய்க்கு 90 கன மீட்டர், 30 லோடு. மனுவும் நிலப் பதிவும் கொடுத்தால், ஒரு மாதம் மாட்டு வண்டி இழுத்ததை டிராக்டர் சில நாளில் கொண்டுவந்து கொட்டிவிடும். எடுத்த லோடுக்கு அலுவலகத்தில் கணக்கு இருக்கிறது. அந்த மண் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.