கல்லூரி இடமும் சட்டமும்

கல்லூரி இடங்களைப் பங்கிட நல்ல நோக்கம் மட்டும் போதுமா? சட்டத்தின் துணையும் வேண்டும் என்பதை நம் மாநில வரலாறே காட்டுகிறது.

அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பகிரப்பட்டன. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டிலேயே அரசியலமைப்பு திருத்தப்பட்டு, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது.

இன்று, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி 69 விழுக்காடு இடங்கள் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு உரியவை. எஞ்சிய 31 விழுக்காடு எவருக்கும் தனியுடைமையன்று. மதிப்பெண் பெற்ற எல்லா வகுப்பினரும் அதில் சேரலாம்.

எனவே, செட்டியார்பட்டியில் தம் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நம் தோழியருக்கு இது பிச்சையன்று, உரிமை. சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைப்போம். பாடங்களையும் கருத்தூன்றிப் படிப்போம்.