கடைக்கும் வீட்டுக்கும் ஒரே பிரிண்டர்

கீழமாசி வீதி, தெற்குமாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் தொழில் செய்யும் நம் வணிகப் பெருமக்களில் பலருக்குக் கீழே கடை, மாடியில் வீடு. கடையில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் ஒரு கம்ப்யூட்டர், முதலாளி கையில் ஒரு செல்போன் என்று ஆகிவிட்டது. ஆனால் பிரிண்டர் மட்டும் ஒன்றுதான். அதுவும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வயரில் கட்டுண்டு கிடக்கிறது. இரவு கடை அடைத்த பிறகு மாடியில் உட்கார்ந்து பில் தயார் செய்பவர், அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து ஷட்டரைத் தூக்க வேண்டியிருக்கிறது. இந்த அலைச்சலைத் தீர்க்கும் சாதனத்துக்குப் பிரிண்ட் சர்வர் என்று பெயர்.

இது வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் அன்று. சரக்கு விற்பனைக்கான ஜி.எஸ்.டி. பட்டியல் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தமிழகத்துக்குள்ளேயே செல்வதாக இருந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டினால், பொதுவாக இ-வே பில்லும் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் 1.8.2023 முதல் வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போடுகிறார்கள், அவர்கள் கியூ.ஆர். குறியீட்டைச் செல்போனில் காட்டினாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மற்றவர்களுக்குத் தாள்தான் துணை. உரிய ஆவணம் இல்லாமல் வண்டி பிடிபட்டால், உரிமையாளரே முன்வந்து சரக்கை மீட்பதற்கு 1.1.2022 முதல் வரியைப்போல் இரு மடங்கு அபராதம். லோடு ஏறிய வண்டி வாசலில் நிற்க, பிரிண்டர் அடம் பிடித்தால் முதலாளிக்கு வரும் படபடப்பு எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

பிரிண்ட் சர்வர் புதுச் சரக்கு அன்று. ஹெச்.பி. நிறுவனம் 1991 ஆம் ஆண்டிலேயே ஜெட்டைரக்ட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அப்போது பெரிய அலுவலகங்களில் வயர் இழுத்துப் பயன்படுத்தினார்கள். இன்று அதே வேலையை வைஃபை மூலம் செய்கிறோம். பெட்டி ஒரு பக்கம் பிரிண்டருடன் யு.எஸ்.பி. வயரால் இணைந்திருக்கும். மறுபக்கம் வீட்டு ரவுட்டருடன் காற்றலை வழியாகப் பேசும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பில் வந்தாலும் வாங்கி, வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குக் கொடுக்கும். நல்ல கணக்குப்பிள்ளை செய்யும் வேலைதான்.

வாங்குமுன் பிரிண்டரின் சாதியைப் பாருங்கள்

வைஃபை உள்ள பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குப் பெட்டி வேண்டாம். நம் கடைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருப்பவை ஹெச்.பி. லேசர்ஜெட் 1020, கேனான் எல்.பி.பி. 2900 போன்ற பழைய லேசர்கள். இவற்றை யாரும் கைவிடுவதாக இல்லை. காரணம், இரண்டுக்கும் ஒரே வகை டோனர் கேட்ரிட்ஜ். ரீஃபில் செய்து கொடுக்கும் ஆட்கள் எங்கும் கிடைக்கிறார்கள். ஆனால் சிக்கலும் இவற்றில்தான் இருக்கிறது.

இந்த வகைப் பிரிண்டர்களுக்குச் சொந்தப் புத்தி குறைவு. பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். 1020-க்கு இன்னொரு குணமும் உண்டு: ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் தன்னை இயக்கும் ஒரு சிறு மென்பொருளைக் கம்ப்யூட்டரிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் விழிக்கும். மலிவான பிரிண்ட் சர்வர் பெட்டிகளுக்கும், ரவுட்டரின் பின்னால் உள்ள யு.எஸ்.பி. துளைக்கும் இதைக் கொடுக்கத் தெரியாது. பச்சை விளக்கு எரியும், தாள் நகராது. கேனான் 2900 வேறு விதம். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் ஒரு பெட்டி புகுந்தால் பேச்சு அறுந்துவிடும். ஆகவே 'எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், உங்கள் பிரிண்டரை வைத்து ஓட்டிக் காட்டினால்தான் பணம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

இத்தகைய பிரிண்டர்களுக்கு ஏற்றது ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். 2012 முதல் இங்கிலாந்திலிருந்து வருகிறது. இதில் கப்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் முழுமையான பிரிண்ட் சர்வர் ஆகிவிடும். 1020-க்கு வேண்டிய டிரைவரும், அந்த விழிப்பு மென்பொருளும் இதில் நிறுவக் கிடைக்கின்றன. கேனான் 2900-க்கும் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று உண்டு. ஆனால் ஓட்டிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். நிறுவுவதற்குக் கட்டளைகள் தட்ட வேண்டியிருக்கும். அதைக் கம்ப்யூட்டர் படித்த பிள்ளையிடமோ சர்வீஸ் ஆளிடமோ விட்டுவிடலாம். முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு.

அமைக்கும்போது

பெட்டி பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரவுட்டருக்குப் பக்கத்தில் அன்று. காற்றலை எவ்வளவு தூரமும் போகட்டும், யு.எஸ்.பி. வயரை நீட்டாதீர்கள். மாசி வீதிகளின் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் சேர்ந்த தடித்த சுவர்கள். அவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சீக்கிரம் செத்துப்போகும், 2.4 தாக்குப்பிடிக்கும். பை ஜீரோ போன்ற சிறு பெட்டிகளுக்கும், பெரும்பாலான பழைய பிரிண்ட் சர்வர்களுக்கும் 2.4 மட்டுமே தெரியும். புதிய ரவுட்டரில் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து வைத்திருந்து பெட்டி இணைய மறுத்தால், 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்துப் பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் எண்ணெய் டின் அடுக்குக்குப் பின்னாலும் பெட்டியை ஒளித்து வைக்க வேண்டாம்.

அடுத்ததுதான் தலையாய விஷயம். ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. ஐ.பி. முகவரி என்பார்கள், நம் வழக்கில் கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது வாடகை வீட்டுக் கதவு எண். கரண்ட் போய் வந்தால், ரவுட்டர் மறுபடி விழிக்கும்போது யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுக்கு ஏற்ப எண் மாறலாம். கம்ப்யூட்டரோ பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை முடிந்த மாலையில் 'நேற்று வரை நன்றாக ஓடியது சார்' என்று சர்வீஸ் ஆளுக்குப் போன் போவது பெரும்பாலும் இதனால்தான். அவர் வந்து டிரைவரை அழித்து மறுபடி போடுவார், புதிய எண் பதிவாகும், வேலை செய்யும், கூலி வாங்கிப் போவார். அடுத்த மின்தடைக்கு மறுபடி வருவார்.

இதற்கு நிரந்தர வைத்தியம் ஒன்றே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.ஹெச்.சி.பி. என்ற பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும். பிரிண்ட் சர்வரின் பிறவி எண்ணை (மேக் எண் என்பது) அதில் எழுதி, ஒரு கதவு எண்ணை அதற்கே சாசனம் செய்துவிட வேண்டும். பிறகு அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். இன்டர்நெட் கம்பெனிக்காரர் ரவுட்டரை மாற்றிக் கொடுத்தால் சாசனமும் அதோடு போய்விடும்; அன்றே மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு ரவுட்டர், மாடியில் எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனியே கதவு எண் கொடுத்துக்கொண்டிருந்தால், அது இரண்டு தெரு மாதிரி. ஒரு தெருவின் பிரிண்டர் மறு தெருவுக்குத் தெரியாது. மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் என்ற நிலைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே தெரு ஆகும். வாடிக்கையாளருக்காகத் திறந்து வைக்கும் கெஸ்ட் வைஃபையில் உங்கள் செல்போன் இணைந்திருந்தாலும் இதே கதைதான்.

பில் வரவில்லை என்றால்

எடுத்த எடுப்பில் டிரைவரை அழிக்காதீர்கள். முதலில் செல்போன் பிரவுசரில் அந்தக் கதவு எண்ணைத் தட்டுங்கள். ராஸ்பெர்ரி பை என்றால் எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து 631 சேர்க்க வேண்டும். பெட்டியின் பக்கம் திறக்காவிட்டால் கோளாறு வைஃபையிலோ கதவு எண்ணிலோ இருக்கிறது. திறந்தால் அங்கிருந்தே சோதனைத் தாள் ஒன்று அடியுங்கள். அது வந்தால் பெட்டியும் பிரிண்டரும் சுகம். குற்றம் உங்கள் கம்ப்யூட்டரில். வரவில்லை என்றால் பிரிண்டர், வயர், டிரைவர் மூன்றில் ஒன்று. இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் குற்றம் என்றால் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து எண் சரியா என்று பாருங்கள். அங்கே டபிள்யூ.எஸ்.டி. என்று இருந்தால் விண்டோஸ் தானாகத் தேடிப் போட்டது. அடிக்கடி காணாமல் போகும். கடையில் வாங்கிய பெட்டியாக இருந்தால் அதை நீக்கி ஸ்டாண்டர்டு டி.சி.பி. ஐ.பி. போர்ட் போடச் சொல்லுங்கள். பிரிண்டர் நன்றாக இருந்தும் 'ஆஃப்லைன்' என்றே காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் எஸ்.என்.எம்.பி. என்ற கட்டத்தில் உள்ள டிக் குறியை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் நலம் விசாரிக்கிறது, பெட்டிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பெட்டியே இல்லாமல் கடைக் கம்ப்யூட்டரின் பிரிண்டரை ஷேர் செய்து ஓட்டுபவர்கள் 2021 செப்டம்பரில் திண்டாடினார்கள். அதற்கு முன் ஜூலையில் விண்டோஸின் அச்சு வசதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் கெடுபிடியை ஏற்ற, பல இடங்களில் 11பி என்று முடியும் பிழை எண் வந்து பகிர்வு நின்றது. பாதுகாப்பைத் தளர்த்தி ஓட்டும் குறுக்கு வழிகள் இன்றும் சொல்லப்படுகின்றன. அதைவிடத் தனிப்பெட்டி மேல் என்பது என் கட்சி. கடைக் கம்ப்யூட்டர் எப்போதும் விழித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பில் வரவில்லை என்று நாலு முறை பிரிண்ட் கொடுக்கும் பழக்கத்தைப் பையன்களிடம் ஒழிக்க வேண்டும். பெட்டி நாலையும் வரிசையில் வைத்திருக்கும். பிரிண்டர் விழித்ததும் நாலும் வரும். எது வண்டியோடு போனது, எது கோப்பில் ஏறியது என்று பிறகு கணக்குப்பிள்ளை தலையைச் சொறிய வேண்டும். முதலில் வரிசையைப் பார்த்துக் காலி செய்யுங்கள்.

கார்பன் தாளில் மூன்று பிரதி ஒரே அடியில் எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் பெட்டியோடு இணையும். ஆனால் வெறும் எழுத்து முறையில் வேகமாக அடிக்கும்போது தமிழில் போட்ட சரக்குப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வரும். அவருக்கு அந்த முறையில் தமிழ் தெரியாது. விண்டோஸ் டிரைவர் வழியே படமாக அடித்தால் தமிழ் வரும், வேகம் குறையும்.

ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சிறிய யு.பி.எஸ். போடுங்கள். ராஸ்பெர்ரி பை ஒரு மெமரி கார்டில் ஓடுகிறது. திடீர் மின்வெட்டில் கார்டு கெட்டுப்போகக் கூடும். எல்லாம் சரியாக ஓடும் நாளில் கார்டுக்கு ஒரு நகல் எடுத்துக் கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் இந்தச் சிறு யு.பி.எஸ்.ஸில் மாட்டவே கூடாது. சூடேறும்போது அது பல நூறு வாட் இழுக்கும்.

வீடு கே.கே. நகரிலும் கடை விளக்குத்தூணிலும் இருந்தால் இந்தப் பெட்டி உதவாது. முன்பு அதற்குக் கூகுள் கிளவுட் பிரிண்ட் இருந்தது, 31.12.2020-உடன் நிறுத்திவிட்டார்கள். இதற்காக ரவுட்டரில் 631-ஐ வெளி உலகுக்குத் திறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். கப்ஸிலும் 2024 செப்டம்பரில் அந்த வாசல் வழியே நுழையக்கூடிய ஓட்டை கண்டறியப்பட்டது. வரிசையில் கிடப்பது உங்கள் வாடிக்கையாளரின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் விலையும். பில்லை பி.டி.எஃப். ஆக்கிக் கடைப் போனுக்கு அனுப்பினால், அங்குள்ள ஆள் அதே பெட்டி மூலம் போனிலிருந்தே அடித்துக்கொள்வார்.