எடைக்கருவி காட்டாத குறை

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட், கூலாய், மூவார் என எந்த ஊரின் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். கர்ப்பிணித் தாய்மார்கள் கையில் இளஞ்சிவப்பு நிறப் பதிவேட்டுடன் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். பெயர் அழைக்கப்பட்டதும் ஒவ்வொருவராக எடைக்கருவியின் மீது ஏறி நிற்பார்கள். தாதி எடையைக் குறித்துக்கொள்வார். இரத்த அழுத்தத்தையும் அளப்பார். குறிப்பிட்ட மாதங்களில் சிறிதளவு இரத்தமும் எடுத்துச் சோதிக்கப்படும்.

எடை சீராக ஏறியிருந்தால் குடும்பத்தினர் மகிழ்வர். “பிள்ளை நன்றாக வளர்கிறது, தாயும் நலமாக இருக்கிறாள்” என்று எண்ணுவர். ஆனால், எடை ஏறிய அதே தாய்க்கு இரத்தச்சோகை இருக்கலாம். எடைக்கருவி அதனைக் காட்டாது. எடை, இரத்தம் ஆகிய இரண்டையும் தனித்தனியே அளப்பது இதனால்தான்.

இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் பொருள் உள்ளது. நுரையீரலிலிருந்து உயிர்வளியை ஏற்றிச் சென்று உடல் முழுவதும் சேர்ப்பது அதன் பணியாகும். ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து தேவை. கர்ப்பக் காலத்தின் முதல் மூன்று மாதங்களிலும் இறுதி மூன்று மாதங்களிலும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால், அது இரத்தச்சோகை எனக் கருதப்படுகிறது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் இவ்வளவு 10.5 கிராமாகும்.

இடைப்பட்ட மாதங்களுக்கு மட்டும் அளவு ஏன் குறைகிறது? கர்ப்பக் காலத்தில் தாயின் இரத்தத்தில் உள்ள நீர்மப் பகுதி ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் அந்த வேகத்தில் அல்ல. குழம்பில் தண்ணீர் கூடினால் அதன் அடர்த்தி குறைவது போல, இரத்தமும் சற்று நீர்த்துப் போகிறது. இஃது இயல்பானதே. ஆயினும், உடலில் இரும்புச்சத்தின் இருப்பு முன்பே குறைவாக இருந்தால், இந்த இயல்பான மாற்றத்தோடு உண்மையான குறையும் சேர்ந்துவிடுகிறது.

ஒரு கர்ப்பக் காலம் முழுவதற்கும் தாய்க்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்புச்சத்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம். தாள்களைச் சேர்த்து வைக்கும் சிறிய கம்பிக் கவ்வியின் எடை அவ்வளவுதான். ஆனால், அதே காலத்தில் தாயின் உடல் எடை பத்துக் கிலோகிராமுக்கு மேலும் கூடக்கூடும். சோறு, ரொட்டி, இனிப்புப் பானம் ஆகியவை எடையை எளிதில் ஏற்றிவிடும். அந்த ஒரு கிராம் இரும்பை அவை தருவதில்லை. எடை கூடியும் இரத்தம் குறைந்திருப்பது இவ்வாறுதான்.

அப்படியானால் எடையைக் கவனிக்க வேண்டியதில்லையா? கட்டாயம் கவனிக்க வேண்டும். எவ்வளவு எடை கூடலாம் என்பது, கருவுறுவதற்கு முன் தாயின் எடை அவர் உயரத்திற்கு ஏற்ப இருந்ததா என்பதைப் பொறுத்தது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீடு கிடைக்கும். 1.55 மீட்டர் உயரமும் 50 கிலோகிராம் எடையும் உள்ள பெண்ணின் குறியீடு ஏறத்தாழ 20.8 ஆகும். இஃது இயல்பான அளவு. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட பரிந்துரையின்படி, இத்தகைய தாய்க்கு 11.5 முதல் 16 கிலோகிராம் வரை எடை கூடலாம். குறியீடு 18.5க்குக் கீழ் இருந்தால் 12.5 முதல் 18 கிலோகிராம் வரையிலும், 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் 5 முதல் 9 கிலோகிராம் வரையிலும் கூடினால் போதும்.

“இனி இருவருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு கூறுவதுண்டு. தாய்க்குத் தேவைப்படுவது இரு மடங்கு சோறு அன்று. சத்து நிறைந்த உணவே ஆகும். அளவுக்கு மீறி எடை கூடினால் கர்ப்பக்கால நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கிறது. மேலும், உடற்பருமன் குடலிலிருந்து இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதையும் குறைக்கக்கூடும். எனவே, பருத்த உடலில் இரத்தமும் மிகுதியாக இருக்கும் என்று எண்ணுவது தவறாகும்.

இரத்தச்சோகையின் பின்விளைவுகள் சோர்வோடும் மூச்சு வாங்குவதோடும் நின்றுவிடுவதில்லை. குழந்தை உரிய காலத்திற்கு முன்பே பிறக்கலாம், 2.5 கிலோகிராமுக்கும் குறைவான எடையோடு பிறக்கலாம். பிரசவத்தின்போது எல்லாத் தாய்க்கும் ஓரளவு இரத்தம் வெளியேறும். நலமான தாய் அதனைத் தாங்கிக்கொள்வார். இரத்தச்சோகை உள்ள தாய்க்கோ அந்த இழப்பே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

ஜொகூரின் பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் இத்துன்பத்தை நன்கு அறிந்திருந்தனர். வெறுங்காலோடு நடந்தோரின் பாதத் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைந்த கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. மலேரியாக் காய்ச்சல் சிவப்பணுக்களை அழித்தது. இவற்றோடு காலை முதல் பால்மரம் சீவும் உழைப்பும் குறைந்த உணவும் சேர்ந்தன. அந்நிலையில் கருவுற்ற பெண்ணின் உடலில் சேமிப்பு என்று ஏதும் எஞ்சியிருக்கவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், கர்ப்பிணிகளின் இரத்தச்சோகைக்குக் காரணம் தேடி இங்கிலாந்திலிருந்து ஒரு மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயர் லூசி வில்ஸ். 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்த அவர், அங்குள்ள ஏழைப் பெண்களையும் நெசவாலைத் தொழிலாளர்களையும் ஆராய்ந்தார். பின்னர்க் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வகத்திலும், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என அழைக்கப்படும் சென்னை மகளிர் மருத்துவமனையிலும் பணியாற்றினார். நோய்க்குக் காரணம் கிருமி அன்று, உணவில் உள்ள குறையே என்று அவர் உணர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்தபோது, நோயுற்ற பெண்கள் தேறினர். 1931ஆம் ஆண்டில் அவர் அம்முடிவை வெளியிட்டார். மலேசியர் பலர் இன்று கஞ்சியில் கலந்து உண்ணும் அதே மார்மைட்தான் அது!

அந்தச் சாற்றில் மறைந்திருந்த சத்து எதுவென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1941ஆம் ஆண்டில் அச்சத்து பசலைவகைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இரும்புச்சத்து இருந்தாலும் இச்சத்து இல்லையேல் சிவப்பணுக்கள் சரியாக உருவாக மாட்டா. இதனால்தான் இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு போலிக் அமில மாத்திரையும் வழங்கப்படுகிறது.

மாத்திரை வழங்கப்பட்டால் மட்டும் போதாது. அது வயிற்றுக்குள் சென்று சேர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையால் சிலருக்குக் குமட்டலும் மலச்சிக்கலும் உண்டாகும், மலம் கருநிறமாகும். இவற்றைக் கண்டு அஞ்சிச் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்துவதற்குப் பதில், தாதியிடமோ மருத்துவரிடமோ கூறினால் வேறு வழி கிடைக்கும். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை. எனவே, மாத்திரையையோ உணவையோ தே தாரிக்கோடு சேர்த்து உட்கொள்ளக்கூடாது. மாறாக, கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. இறைச்சி, மீன், நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை ஆகியவற்றையும் அன்றாட உணவில் சேர்த்துக்கொள்வது நன்று.

எல்லா இரத்தச்சோகையும் சத்துக்குறைவால் வருவதன்று. தலசீமியா என்னும் மரபுவழிக் குறைபாடும் மலேசியாவில் பரவலாக உள்ளது. அதனைக் கண்டறிய 2016ஆம் ஆண்டில் நான்காம் படிவ மாணவர்களுக்கு இரத்தப் பரிசோதனை தொடங்கப்பட்டது. இரும்புச்சத்தைக் கொண்டு தலசீமியாவைத் தீர்க்க இயலாது. ஆகவே, காரணம் அறியாமல் தாமாகவே மாத்திரை வாங்கி உண்பது முறையன்று.

இளஞ்சிவப்புப் பதிவேட்டின் பயன் இங்குதான் விளங்கும். தாயின் நிலைக்கேற்ப அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணக் குறி இடப்படும். உடல் எடையும் ஹீமோகுளோபின் அளவும் அந்த வண்ணத்தை முடிவு செய்பவற்றுள் அடங்கும். சிவப்புக் குறி இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது பொருள். தவணை தவறாமல் கிளினிக்கிற்குச் செல்லும் தாயின் குறை, பிரசவத்திற்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. திருத்திக்கொள்ளவும் காலம் கிடைக்கிறது.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்துப் பேருக்கு மூவர் இரத்தச்சோகை உடையவர்கள். பதினைந்து வயது என்பது இடைநிலைப்பள்ளிப் பருவமாகும். காலை உணவைத் தவிர்ப்பதும், மெலிய வேண்டும் என்று பட்டினி கிடப்பதும், சத்தற்ற நொறுக்குத் தீனியால் வயிற்றை நிரப்புவதும் இரும்புச்சத்தின் இருப்பைக் கரைத்துவிடுகின்றன. நாளைய தாயின் இரத்தம் இன்றைய மாணவியின் உணவுத்தட்டில் தொடங்குகிறது. அதனை நிரப்பும் பொறுப்பு அவளுக்கு மட்டுமன்று, வீட்டில் உள்ள அனைவருக்கும் உரியதாகும்.