படி உயர்ந்தால் வியாபாரம் தாழும்: மாற்றுத்திறனாளிகளுக்கான நகர வசதிகளும் அதற்கான பணமும்

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே ஹார்ன் அடித்து, "அண்ணாச்சி, துவரம்பருப்பு ஒரு கிலோ, சீரகம் நூறு" என்று பட்டியல் சொல்லும் வாடிக்கையாளர் நம்மில் பலருக்கும் உண்டு. கடைப் பையன் சாமானைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கி வருவான். வியாபாரம் நடந்துவிட்டது என்று நாமும் கல்லாவை மூடிவிடுகிறோம். ஆனால் கடைக்குள் வருபவர் எதையெதையெல்லாம் பார்த்து வாங்குகிறார் என்பது நமக்குத் தெரியாதா? ஒரு கிலோ பருப்புக்கு வந்தவர் புது ஊறுகாயையும் பிஸ்கட்டையும் கூடையில் போட்டுக்கொண்டு போவார். வாசலிலேயே நின்றுவிடுபவர் பட்டியலில் உள்ளதோடு சரி.

அவர் உள்ளே வர முடியாததற்கு நம் படி மட்டும் காரணமல்ல. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு வருகிற வழியெல்லாம் படிதான். நடைபாதையில் ஏற முடியாது. பேருந்தில் ஏற முடியாது. கடைத்தெருப் பொதுக் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்பாது. இவற்றைச் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் தர வேண்டும், வந்த பணம் என்ன ஆகிறது என்பதைச் சென்னை மாநகரை வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம். "இது தர்ம காரியம், ரோட்டரி சங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கும் உறுப்பினர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். இதில் நம் வரிப்பணம் இருக்கிறது. நம் பெயரும் சட்டத்தில் இருக்கிறது.

முதலில் சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் கூடவே "தங்கள் பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. கடன் வாங்கியவர் "கையில் இருக்கும்போது தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டைப் போன்றது அந்த வரி. கையில் எப்போது இருந்தது? இருபது வருடமும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபோது, கட்டடங்கள் பற்றிய பிரிவுகளில் அந்த வரி இடம்பெறவில்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று 45-ஆவது பிரிவு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூன் மாதம் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. மாநிலங்களுக்குக் காலநீட்டிப்புத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டே தவிர, "பணம் இல்லை" என்ற பழைய பதிலுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் "பொதுக் கட்டடம்" என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல. பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும், வணிகம் நடக்கும் கட்டடமும் அதில் அடங்கும். சேவை வழங்குவோர், அரசானாலும் தனியாரானாலும், இரண்டு ஆண்டுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 46-ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறைகளில் குறைந்தது 50,000, அதிகபட்சம் 5 லட்சம். 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரஜீவ் ரத்தூரி வழக்கில் தீர்ப்பளித்தபோது, வசதிகள் பற்றிய அளவுகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த விதியைச் செல்லாது என்று கூறி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அபராதத்தைக் காட்டி உறுப்பினர்களைப் பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரே பெட்டியிலிருந்து அது வருவதில்லை. பல சிறு பெட்டிகள். மாநகராட்சியின் சொந்த வருமானமான சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் ஆகியவை முதல் பெட்டி. 2022-இல் உயர்ந்த சொத்து வரி நம் எல்லோர் நினைவிலும் இருக்கும். வணிகக் கட்டடங்களுக்கு எவ்வளவு ஏறியது என்று இங்கே எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை. அடுத்தது மாநில அரசும் மத்திய அரசும் நிதிக்குழுக்களின் பரிந்துரைப்படி தரும் பங்கு. அரசுக் கட்டடங்களில் சாய்தளம், லிஃப்ட், கழிப்பறை அமைக்க, 2015 டிசம்பர் 3 அன்று தொடங்கிய "சுகம்ய பாரத்" இயக்கத்தின் கீழ் மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் தந்தது. தமிழ்நாடு அரசு தொடங்கிய "உரிமைகள்" திட்டத்துக்கு உலக வங்கி 2022-இல் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. மாநகரப் பேருந்துகளுக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடன். 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைகளில் ஓடத் தொடங்கின. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அதுபோலத் தனித்தனி நிதி.

இத்தனை பெட்டி இருந்தும் கடைத்தெருவில் ஒரு சாய்தளம் இல்லையென்றால், கேட்டவர் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, கட்டிய பிறகு நினைத்துக்கொள்வது. இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பழைய சட்டம் வந்த அதே 1995-இல்தான் பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. தூண்கள் மேல் நிலையம் கட்டியவர்கள், மேலே ஏறுவது எப்படி என்பதைப் பயணியின் முழங்காலுக்கே விட்டுவிட்டார்கள். நகரும் படி, லிஃப்ட் என்று பிற்பாடு சேர்த்த செலவெல்லாம் இரட்டைச் செலவு. 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் லிஃப்டும் பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகளும் வரைபடத்திலேயே இருந்தன. சுவர் எழுப்பும்போதே கதவுக்கு இடம் விடுவதற்கும், எழுப்பிய சுவரை உடைத்துக் கதவு வைப்பதற்கும் கூலி என்ன வித்தியாசம் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

மெரினா கடற்கரை இன்னொரு பாடம். ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் தற்காலிகப் பாதை போட்டு, சில நாளில் எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். அறுபது வயதில் முதன்முறையாக அலை காலில் பட்டது என்று சிலர் கண் கலங்கினார்கள். இரண்டு வாரம் ஆகவில்லை; டிசம்பர் 9 இரவு வந்த மாண்டஸ் புயல் பாதையின் முனையைப் பிய்த்துப்போட்டது. மறுபடி செப்பனிட்டுத் திறந்தார்கள். அதைக் கேலி செய்தவர்களோடு நாம் சேரவில்லை. கடலோரத்தில் மரம் போட்டால் பராமரிப்புச் செலவு வரத்தான் செய்யும். கடைக்கு ஃப்ரீஸர் வாங்கும்போது கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்க்கிறோம் அல்லவா? நகர வசதிகளுக்கான மதிப்பீட்டில் கட்டுமானச் செலவு இருக்கும். பராமரிப்புக்கான தலைப்பு பெரும்பாலும் காலியாக இருக்கும். பெயர்ந்த புடைப்பு ஓடும், பழுதான லிஃப்டும், பூட்டிய கழிப்பறையும் அந்தக் காலி இடத்தின் விளைவுகள்.

நம் வியாபாரத்துக்கு மிக நெருக்கமானது நடைபாதைதான். 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை முடிவெடுத்தது: போக்குவரத்துக்கான தன் ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் செல்ல வேண்டும். இப்படி ஒரு கொள்கை வகுத்ததில் இந்திய நகரங்களில் சென்னைதான் முதல். 2019 நவம்பரில் தியாகராயர் சாலையில், அதாவது நம் பாண்டி பஜாரில், ஏறத்தாழ 40 கோடி ரூபாயில், ஸ்மார்ட் சிட்டித் திட்ட நிதியில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். பணி நடந்தபோது, வண்டி நிறுத்த இடம் போனால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற பயம் வணிகர்களிடம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. இன்று மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலியில் பாட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். பாட்டி ஒருத்திக்காகப் போட்ட சாய்தளம் அது என்று யாராவது நினைத்தால் கூடவே வரும் பேரன், பேத்தி, மருமகள் கையில் உள்ள பைகளையும் எண்ணிப் பார்க்கட்டும். தள்ளுவண்டிக் குழந்தைக்கும், மூட்டுவலிக்காரருக்கும், சரக்கு இறக்கும் நம் தள்ளுவண்டிக்கும் அதே சாய்தளம்தான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். முதுமையால் படியேறத் தயங்குபவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் இல்லை.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுவோம். கோடிக்கணக்கில் போட்ட நடைபாதையில் எண்ணெய் டின்னையும் அரிசி மூட்டையையும் அடுக்குவது யார்? விளம்பரப் பலகையைப் புடைப்பு ஓட்டின் மேலேயே நிறுத்துவது யார்? பைக் ஏறாமலிருக்கக் கல்தூண் நடச் சொல்லிக் கேட்டதும் நாம்தான். அது நியாயமான கோரிக்கை. ஆனால் தூண்களுக்கிடையே மூன்று அடிக்குக் குறைவாக விட்டால் பைக்கோடு சக்கர நாற்காலியும் நின்றுவிடும்.

படி விஷயத்தில் மட்டும் பழி முழுவதும் நம்முடையதல்ல. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்தது. மழைத்தண்ணீர் கடைக்குள் வந்தது. நாம் தரையை உயர்த்தினோம், படி கூடியது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். தனி நிதி எதுவும் கேட்காமல் செய்யக்கூடிய மிக மலிவான வசதி இதுதான். உங்கள் தெருவில் தார் போட வரும்போது ஒப்பந்தக்காரரிடம் அந்த உத்தரவை நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

சாய்தளத்தின் கணக்கு எளிது. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். இரண்டு படி, பதினான்கு அங்குலம் என்றால் பதினான்கு அடி! குறுகிய தெருவில் இதை வெளியே கட்டினால் நடைபாதையை அடைத்த குற்றம் வரும். செங்குத்தாகக் கட்டினால் ஆள் சறுக்கி விழுவார். பெயருக்குக் கட்டிய அத்தகைய சாய்தளங்களை அரசு அலுவலகங்களிலேயே பார்க்கிறோம். இடமில்லாதவர்கள் ஒரு படிக்கு இரும்புத் தகட்டில் எடுத்து வைக்கும் பலகை செய்துகொள்ளலாம். கைக்கெட்டும் உயரத்தில் வாசலில் ஒரு அழைப்பு மணி வைக்கலாம். இரண்டு படிக்கு மேல் உள்ள கடைத்தெருவுக்கு, நடைபாதையையே கடை மட்டத்துக்கு ஒட்டி அமைத்து இரு முனையிலும் சரிவு தருவதுதான் வழி. அது தனி ஆள் செய்யும் வேலையல்ல; மாநகராட்சி செய்ய வேண்டியது.

அமெரிக்காவில் 1990-இல் இதற்கான சட்டம் வந்த ஆண்டிலேயே, சிறு வியாபாரிக்கு வரியில் கழிவும் கொடுத்தார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் விற்றுமுதல் இல்லாதவர், அல்லது 30 பேருக்கு மேல் முழுநேர ஆள் வைக்காதவர், 250 டாலருக்கு மேல் 10,250 டாலர் வரை செய்த செலவில் பாதியைக் கட்டவேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். அதாவது ஆண்டுக்கு 5,000 டாலர் வரை. இங்கே உத்தேச லாப முறையில் கணக்குக் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர் சாய்தளச் செலவைத் தனியாகக் காட்டக்கூட வழியில்லை. கடமையைச் சட்டத்தில் எழுதிய அரசு, கைகொடுக்கும் வரியையும் எழுத வேண்டும் என்பது நம் கோரிக்கை. சொத்து வரியில் ஒரு ஆண்டுக்குச் சிறு கழிவு தந்தாலும் போதும், கடைக்காரர்கள் தாமாகவே முன்வருவார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. "நமக்கு நாமே" திட்டம் 2021-22-இல் நகரங்களுக்கு மறுபடி வந்தபோது, பொதுமக்கள் அல்லது சங்கங்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் என்று வைத்தார்கள். கடைத்தெருப் பொதுக் கழிப்பறை ஒன்றில் அகலக் கதவும் கைப்பிடியும் சாய்தளமும் அமைக்க மூன்றில் ஒரு பங்கு என்பது, முப்பது நாற்பது கடைகள் பங்கிட்டால் ஒரு தீபாவளிச் சீரியல் விளக்குச் செலவுக்கு மேல் போகாது. மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. அதற்குமுன் வார்டு உறுப்பினரிடம் மனு போய்ச் சேர வேண்டும். பணி ஆணை வந்தபிறகு போனால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள்.

மனுவில் பொதுவாக "வசதி செய்து தரவும்" என்று எழுதுவதில் பயனில்லை. எந்த முனை, எந்தக் கழிப்பறை, எந்தப் பேருந்து நிறுத்தம், எத்தனை அங்குல உயரம், எவ்வளவு அகலம் என்று இருக்க வேண்டும். முடிந்தால் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வரும் நம் வாடிக்கையாளரையே கூட அழைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுப் பாருங்கள். நம் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படும். படியின் உயரத்தை அளக்கும்போது நடைபாதையிலிருந்து அளக்காமல் தார் மட்டத்திலிருந்து அளந்து எழுதவும். அடுத்த முறை தார் போட்டபின் மறுபடி அளந்தால், சுரண்டினார்களா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.