பிரிக்க முடியாத கலியாணம்: பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

டொரோண்டோவில் எங்கள் பங்குக் கோயிலில், மணம் முடிக்கப்போகும் சோடிகளுக்கான தயாரிப்பு வகுப்புகளில் கணவரும் நானும் சில வருடங்களாக உதவுகிறோம். தமிழ்ச் சோடிகள் வந்தால் எங்களிடம்தான் அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வரும்: “கோயிலில டிவோர்ஸ் இல்லை எண்டு சொல்லுறீங்கள். ஆனா எங்கட மாமா அனல்மென்ட் எடுத்து, கோயிலிலயே திரும்பக் கலியாணம் கட்டினவர். அது வேற பேரில டிவோர்ஸ்தானே?”

நியாயமான கேள்வி. உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் கேட்பார்கள்.

இயேசுவின் காலத்து யூதச் சட்டப்படி, கணவன் விலக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து மனைவியை அனுப்பிவிடலாம். என்ன காரணத்துக்கு அனுப்பலாம் என்பதில்தான் வாதம். மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் இயேசுவிடமும் அதையே கேட்கிறார்கள். அவர் படைப்பின் தொடக்கத்தைக் காட்டி, கடவுள் சேர்த்த உறவில் மனிதர் கைவைக்கக் கூடாது என்ற கருத்தில் பதில் சொல்கிறார். அப்படியென்றால் கலியாணமே கட்டாமல் இருக்கலாமே என்று சீடர்களே மலைத்துப் போகிறார்கள்! இது கஷ்டம் என்று நினைப்பது இன்றைய பிள்ளைகள் மட்டுமல்ல.

இதே அதிகாரத்தில் ஒழுக்கக்கேட்டுக்கு ஒரு விதிவிலக்கு வருகிறது. அதை வைத்துப் பல புரொட்டஸ்தாந்து சபைகள் மணவிலக்கை ஏற்கின்றன. ஓர்த்தடொக்ஸ் சபை, மனம் வருந்தும் மன்றாட்டுகளோடு இரண்டாம் மணத்தை அனுமதிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையோ, திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி மணந்து கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்துவிட்டால், அந்த மணத்தைச் சாவைத் தவிர எதுவும் கலைக்காது என்கிறது.

அப்போ அனல்மென்ட்? அதில் திருச்சபை நீதிமன்றம் ஆராய்வது மணநாளைத்தான். அன்று இருவரும் உண்மையான சம்மதம் கொடுத்தார்களா? பிறகு வந்த சண்டைகள், அன்றைய மனநிலையைக் காட்டும் அளவுக்குத்தான் கவனிக்கப்படும். சம்மதம் இல்லை என்று நிரூபணமானால், அந்த மணம் தொடக்கத்திலேயே செல்லவில்லை என்று தீர்ப்பு வரும்.

எங்கட சனத்துக்குக் கலியாணம் என்றால் தாலி. கோயிலிலும் தாலியை மந்திரித்துக் கட்டுகிறோம். ஆனால் மணத்தை உண்டாக்குவது இருவரும் வாய்திறந்து சொல்லும் சம்மதம். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக்குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்று சொல்லும்வரை, இருவர் தனியே கொடுத்த சம்மதம்கூட மணமாக ஏற்கப்பட்டது. இன்றும் சடங்கில் சுவாமி முதலில் கேட்பது, யாருடைய கட்டாயமும் இல்லாமல் வந்திருக்கிறீர்களா என்பதுதான்.

பெற்றோராகிய நாங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1103ஆம் சட்டப்படி, வெளியிலிருந்து வந்த பலவந்தத்தாலோ பெரும் அச்சத்தாலோ, தப்ப வேறு வழியின்றிக் கட்டிய மணம் செல்லாது. அச்சுறுத்தும் எண்ணம் யாருக்கும் இல்லாவிட்டாலும் அதுதான் சட்டம். அம்மா அப்பாவின் மனம் நோகுமே என்ற பயம்கூட, மிகக் கடுமையாக இருந்தால், இதில் அடங்கும்.

ஒருமுறை ஒரு பிள்ளை வகுப்பு முடிந்து தனியாக வந்து, “ஹோல் புக் பண்ணியாச்சு, அம்மா எல்லாருக்கும் சொல்லிட்டா. இனி எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?” என்றாள். சுவாமியிடம் கூட்டிப்போனோம். கலியாணம் நின்றது. வீட்டில் பெரிய அழுகை, காசும் நட்டம். ஆனால் கட்டின பிறகு வரக்கூடிய அழுகை இதைவிடப் பெரிது.

இன்னும் மூன்று விஷயங்களைச் சொந்தக்காரருக்கும் சொல்லி வையுங்கள். அடிஉதை, ஆபத்து உள்ள வீட்டில் சேர்ந்திருந்தே ஆகவேண்டும் என்று திருச்சபை சொல்வதில்லை. பிரிந்து வாழச் சட்டமே இடம் தருகிறது. அரசாங்க நீதிமன்றத்தில் விவாகரத்தானவர், அந்தக் காரணத்துக்காக மட்டும் நற்கருணை வாங்கக்கூடாது என்றும் இல்லை. அனல்மென்ட் கிடைத்தால் பிள்ளைகள் முறைகேடாய்ப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதும் பொய்.

பதினாலு, பதினைந்து வயதிலேயே பிள்ளைகளிடம் பேசத் தொடங்கலாம். “இது சாகும்வரைக்குமான வாக்கு. அதனாலதான் நீயாத்தான் ஓம் சொல்லவேணும். பீடத்துக்கு முன்னால நிக்கிற நிமிஷம் வரைக்கும் வேண்டாம் எண்டு சொல்லலாம், நாங்கள் கோவிக்க மாட்டம்.” சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் ஒருநாள் உண்மையிலேயே வேண்டாம் என்று வந்து நின்றால், கோவிக்காமல் இருக்கவும் வேணும்.